நாலு புள்ளி ஒண்ணு

வோல்ட் பார்க்கிற மலிவான மீட்டரில் முதலில் கெட்டுப்போவது அதன் ஒயர்தான், சார். பெட்டி கெடாது, எண் காட்டுகிற கண்ணாடியும் கெடாது. சிவப்பும் கறுப்புமாக இரண்டு ஒயர் வருகிறது பாருங்கள், அது கைப்பிடிக்குள் நுழைகிற இடத்தில் உள்ளுக்குள்ளேயே அறுந்துபோகும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. வாங்கிவந்த அன்றைக்கே இரண்டையும் பிரித்து நல்ல ஒயர் போட்டுப் பற்றவைத்துவிட்டேன். அதனால்தான் இன்றுவரை மக்கர் செய்யாமல் ஓடுகிறது. உங்கள் மேஜைமேல் இருக்கிறதே, கையில் எடுத்துப் பார்த்தால் தெரியும்.

நீங்கள் கன்னடத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள். எனக்கும் கன்னடம் பேச வரும். ஆனால் இதைத் தமிழில் சொன்னால்தான் முன்பின் மாறாமல் வரும்.

இங்கே தங்க மைனை மூடும்வரை நான் அதன் லேம்ப் ரூமில் இருந்தேன். ஷிஃப்டு முடிந்து மேலே வருகிறவர்கள் விளக்கைக் கழற்றிக் கொடுப்பார்கள். நாங்கள் அதைச் சார்ஜில் போட்டு, துடைத்து, அடுத்த ஷிஃப்டுக்குக் கொடுப்போம். இடுப்பில் பேட்டரி, தலையில் விளக்கு, நடுவில் ஒரு ஒயர். பூமிக்கடியில் அது ஒன்றுதான் கண். அது போய்விட்டால் முகத்துக்கு நேரே பிடித்த கை தெரியாது. என் கையால் கொடுத்த விளக்கு ஷிஃப்டு நடுவில் அணைந்தது என்று ஒருவரும் வந்து சொன்னதில்லை. சாம்பியன் ரீஃப் மைனில் வேலை செய்த யாரை வேண்டுமானாலும் விசாரித்துப் பாருங்கள்.

மைனை மூடப்போகிறார்கள் என்ற பேச்சு பலமானபோதுதான் அந்த மீட்டரை வாங்கினேன். வீட்டோடு இருந்து மிக்சி, அயர்ன் பாக்ஸ், டார்ச் என்று ஏதாவது ரிப்பேர் பார்த்துக் காலத்தை ஓட்டலாம் என்று எண்ணம். என் மகள் இந்துவையும் கூட்டிக்கொண்டு பெங்களூர் எஸ்.பி. ரோட்டுக்குப் போனேன். முள் ஆடுகிற பழைய மாதிரி மீட்டர்தான் எனக்குப் பழக்கம். எண் காட்டுகிற மஞ்சள் மீட்டரை அவள்தான் எடுத்தாள்.

"உனக்கு முள்ளு எங்க நிக்குதுன்னே தெரியறதில்ல நைனா. இது நம்பர் காட்டும். நீ குத்து, நான் படிக்கறேன்" என்றாள்.

அது உண்மைதான். வருஷக்கணக்கில் ஆசிட் ஆவியில் நின்று கண் மங்கிவிட்டது. அதிலிருந்து வீட்டில் அதுவே வழக்கமாகிவிட்டது. சாயங்காலம் அவள் எஸ்.டி.டி. பூத் வேலையிலிருந்து வந்ததும் காப்பியைக் குடித்துவிட்டு என் எதிரில் உட்காருவாள். நான் இரண்டு முனையையும் வைப்பேன், அவள் எண்ணைப் படிப்பாள். அக்கம்பக்கத்து டார்ச் செல்லையெல்லாம் வாங்கி வைத்து, இது உயிரோடு இருக்கிறது, இது செத்துப்போச்சு என்று பிரித்துப் போடுவோம். சும்மா ஒரு எண்ணைத்தான் படிப்பாள், ஆனால் பாட்டுப் படிக்கிற மாதிரி இருக்கும். அவள் அம்மா போன பிறகு அந்த வீட்டில் அப்படி ஒரு சத்தம் கேட்டது அப்போதுதான்.

வீட்டில் மூன்று பேர். நான், இந்து, என் அக்கா கிருஷ்ணம்மா. அக்கா புருஷன் மைனில் பாறை வெடித்துச் செத்தவர். உடம்பை மேலே கொண்டுவர இரண்டு நாள் ஆயிற்று. ஆள் ஏற்றி இறக்குகிற கேஜ் மேலே வருகிற ஒவ்வொரு தடவையும் அக்கா எழுந்து எழுந்து நின்றதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போது அவளுக்கு இந்து வயதுகூட ஆகவில்லை. இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், நான் செய்தது எதுவானாலும் அந்த இரண்டு நாளிலிருந்துதான் ஆரம்பம். என் மகள் அப்படி எழுந்து எழுந்து நிற்கக் கூடாது. அவ்வளவுதான் என் எண்ணம்.

விநாயக் எங்கள் லைன் வீடுகளில் இருந்தவன். மைனில் மரம் முட்டுக் கொடுக்கிற வேலையில் இருந்தான். என்னை மாமா என்று கூப்பிடுவான். முறைக்கு மாமா இல்லை, பழக்கத்துக்கு மாமா. நல்ல பையன், சார். இதை நீங்கள் கேட்காமலே சொல்கிறேன். குடி கிடையாது. அக்காவுக்குத் தண்ணீர்க் குடம் தூக்கிவந்து வைத்துவிட்டு ஒரு வார்த்தை பேசாமல் போவான். இந்துவைக் கேட்டு அவன் வீட்டிலிருந்து வந்தபோது நான் சிரித்த முகமாகத்தான் சரி என்றேன். தையில் கல்யாணம் என்று பேசிக்கொண்டோம்.

மைனை மூடியபின் அவன் மூடிக்கிடந்த பாலகாட் மைன் பக்கம் போக ஆரம்பித்தான். அங்கே நடந்தே இறங்கக்கூடிய பழைய சரிவு வழி ஒன்று இருக்கிறது. வாயில் முள்வேலி போட்டிருந்தார்கள், அது எப்போதோ போய்விட்டது. உள்ளே போய்க் கல் உடைத்து எடுத்துவருவார்கள். வீட்டில் வைத்து இடித்து, பாதரசம் போட்டு, பொட்டுத் தங்கம் பார்ப்பார்கள். தப்புதான். ஆனால் வேலை போன ஊரில் அதைத் திருட்டு என்று யாரும் சொல்வதில்லை. அவனும் இன்னும் இரண்டு பேரும் சேர்ந்து போவார்கள்.

ஒருநாள் வந்து, "மாமா, உங்ககிட்ட லேம்ப் கீதாமே, ஒண்ணு குடுங்களேன்" என்றான்.

என்னிடம் மூன்று விளக்கு இருந்தது. மைன் சாமானைப் பழைய இரும்புக்கு எடுத்தவரிடம் கேட்டு வாங்கிவந்தது. போகாதே என்று சொன்னேன். நான் கொடுக்காவிட்டால் மெழுகுவத்தியோடு போவான் என்று தெரிந்தது. அதனால் கொடுத்தேன். பல தடவை கொடுத்திருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் நல்ல விளக்கு. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

மூன்றில் இரண்டு நல்லது. மூன்றாவது பேட்டரியில் உள்ளே தகடு வெள்ளை பூத்துவிட்டது. அதைப் பற்றி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். அப்படிப்பட்ட பேட்டரியைச் சார்ஜ் போட்டு, சும்மா வைத்து மீட்டரில் பார்த்தால் நாலு வோல்ட்டுக்கு மேலேயே காட்டும். நல்ல பேட்டரி காட்டுகிற எண்தான் அதுவும் காட்டும். படுத்துக்கிடக்கிற சீக்காளியிடம் எப்படி இருக்கிறாய் என்று கேட்டால் நன்றாக இருக்கிறேன் என்றுதான் சொல்வான். எழுந்து நடக்கச் சொன்னால்தான் வண்டவாளம் தெரியும். அதனால் லேம்ப் ரூமில் நாங்கள் எண்ணை மட்டும் நம்பமாட்டோம், விளக்கை எரியவிட்டுப் பார்ப்போம். இது இந்துவுக்குத் தெரியாது. நான் சொன்னதில்லை. டார்ச் செல்லுக்கு அவ்வளவு தேவைப்படவில்லை.

ஆயுதபூஜை கழிந்து கொஞ்ச நாளில் விநாயக் வீட்டுக்கு வந்தான். முகம் நிறையச் சிரிப்பு. பெங்களூரில் ஒரு லேத் பட்டறையில் வேலை கிடைத்திருக்கிறது, திங்கட்கிழமை சேர வேண்டும் என்றான். பங்காருபேட்டை போய் ரயில் ஏறித் தினமும் போய்வர முடியாது, கே.ஆர். புரம் பக்கம் வீடு பார்க்கப்போகிறேன் என்றான். இந்துவுக்கு முன்னமே தெரிந்திருந்தது போல. அவள் சமையலறை வாசலில் நின்றுகொண்டு, "நாங்க மாசம் ஒருவாட்டி வந்து உன்னையும் அத்தையையும் பாத்துட்டுப் போவோம் நைனா" என்றாள். நாங்கள் என்று சொன்னாள். இன்னும் தாலி ஏறவில்லை, அதற்குள் நாங்கள்.

அதற்கும் நடந்ததற்கும் சம்பந்தமில்லை, சார். நீங்கள் கேட்டதால் சொல்கிறேன்.

அக்காகூட, "போவட்டும் விடுடா. இந்த மண்ணுல இன்னா கீது? அங்கயாச்சும் நல்லா இருக்கட்டும்" என்றாள். புருஷனை மண்ணுக்குள் கொடுத்தவள் பேசுகிற பேச்சா அது என்று தோன்றியது.

சனிக்கிழமை அவன் மறுபடி வந்தான். "மாமா, இதுதான் கடைசி. உடைச்சு வெச்ச கல்லு உள்ளயே கீது. நாளைக்குப் போயி எடுத்துட்டு வந்துடறேன். அப்பறம் அந்தப் பக்கமே தல வெச்சுப் படுக்கமாட்டேன்" என்றான். கூட வருகிற இரண்டு பேரும் ஏற்கெனவே பெங்களூர் போய்விட்டிருந்தார்கள். தனியாகப் போகிறாயா என்று கேட்டேன். "வழி பழகிடுச்சு மாமா" என்றான்.

கடைசி என்று சொல்கிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். இந்த ஊரில் கடைசி ஷிஃப்டு என்று சொல்லி இறங்கினவர்கள் எத்தனையோ பேர். கல்யாணத்துக்கு அப்புறமும் ஒருநாள் அவன் இறங்குவான், அன்றைக்கு என் மகள் எழுந்து எழுந்து நிற்பாள் என்று எனக்குத் தோன்றியது. ஒரு தடவை நன்றாகப் பயந்தால் ஜன்மத்துக்கும் போகமாட்டான். அப்படித்தான் நினைத்தேன்.

மூன்றாவது விளக்கை எடுத்து மேஜைமேல் வைத்தேன். இந்து வழக்கம்போல மீட்டரை எடுத்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்தாள். நான் முனைகளை வைத்தேன்.

"நாலு புள்ளி ஒண்ணு" என்று படித்தாள். அவனைத் திரும்பிப் பார்த்து, "சூப்பரா கீது, எடுத்துக்கோ" என்றாள்.

நான் பொய் சொல்லவில்லை. மீட்டரும் பொய் சொல்லவில்லை. அது நாலு புள்ளி ஒண்ணுதான். அவள்தான் பேட்டரியைத் துணியால் துடைத்து, பெல்ட்டில் கோத்து, அவன் கையில் கொடுத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை நான் எங்கே இருந்தேன் என்று முதல் தடவை விசாரித்தபோதே கேட்டீர்கள். ஆண்டர்சன்பேட்டை மார்க்கெட்டுக்குக் கறி வாங்கப் போனேன் என்று சொன்னேன். போனது உண்மை. வாங்கியதும் உண்மை.

மதியம் அவன் திரும்பி வரவில்லை. சாயங்காலமும் வரவில்லை. இருட்டுகிற நேரத்தில் அவன் அம்மா எங்கள் வீட்டுக்கு வந்து நின்றார்கள். அப்புறம் லைன் முழுக்கத் தெரிந்துவிட்டது. மைனில் ரெஸ்க்யூ வேலை பார்த்த ஆட்கள் நாலைந்து பேர் கிளம்பினார்கள். தேடப் போனவர்களுக்கு விளக்கு கொடுத்தது நான்தான். இரண்டும் நல்ல விளக்கு. விடியும்வரை அணையவில்லை.

இந்து சரிவு வாயருகே நின்றாள். உட்காரச் சொன்னால் உட்காருவாள். உள்ளேயிருந்து ஏதாவது சத்தம் வந்தால் எழுந்து நிற்பாள். அக்கா அவள் தோளைப் பிடித்துக்கொண்டே இருந்தாள். நான் கொஞ்சம் தள்ளி, தங்கம் எடுத்துக் கழித்துக் கொட்டிய சயனைடு மண் மேட்டு ஓரமாக நின்று பார்த்தேன். நான் எதைத் தடுக்க நினைத்தேனோ அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆனால் ஒரு வித்தியாசம் இருந்தது. அவள் விதவை இல்லை. தாலி கட்டியிருந்தால்தானே. நாளைக்கு இன்னொருவன் வந்து கேட்கலாம், தடையில்லை. அக்காவுக்கு அந்த வழிகூட இல்லாமல் போயிற்று. அன்றைக்கு அந்த மேட்டில் நின்று அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

பொழுது விடிந்தபின் அவனைத் தூக்கிவந்தார்கள். உள்ளே வழி நடுவில் ஒரு பழைய பள்ளம் இருக்கிறது. அதில் விழுந்திருந்தான். தூக்கிவந்தவர்களில் ஒருவர் சொன்னதைத்தான் ஊரே பேசியது. பள்ளத்துக்கு அந்தப் பக்கம், சுவரோரமாக, அவன் உட்கார்ந்திருந்த இடம் தெரிந்ததாம். கல் மூட்டை பக்கத்தில் இருந்ததாம். பிரிக்காத சாப்பாட்டுப் பொட்டலமும் தண்ணீர்ப் பாட்டிலும் ஒழுங்காக வைத்திருந்ததாம். விளக்குப் போனால் அசையாமல் உட்கார்ந்துவிட வேண்டும், தேடிக்கொண்டு ஆள் வரும். மைன் ஊரில் அது குழந்தைக்கும் தெரியும். அவனும் அப்படித்தான் உட்கார்ந்திருக்கிறான்.

"அப்பறம் எதுக்குடா எழுந்து நடந்தான்? பள்ளம் கீதுன்னு அவனுக்குத் தெரியாதா?" என்று அந்த மனிதர் என்னைப் பார்த்துக் கேட்டார். எனக்குத் தெரியவில்லை என்றேன்.

இந்து அழவில்லை. பூத்துக்கும் போகவில்லை. சரியாகச் சாப்பிடுவதில்லை. "நான்தான் நல்லா கீதுன்னு சொல்லிக் குடுத்தேன்" என்று அக்காவிடம் ஒரு தடவை சொன்னாள். அவள் அப்படித் தன்மேல் போட்டுக்கொள்வாள் என்று நான் யோசித்திருக்கவில்லை. உன்மேல் என்னம்மா தப்பு, மீட்டரில் அவ்வளவுதானே காட்டியது என்று சொல்லித் தேற்றினேன்.

காரியம் முடிந்தபின் ஒருநாள் மத்தியானம். அவனோடு வந்த விளக்கு அவன் வீட்டில் இருந்தது. அதை இந்து கேட்டு வாங்கிவந்திருக்கிறாள். என்னிடம் சொல்லாமல் சார்ஜில் போட்டிருக்கிறாள். நான் வெளியே போய்விட்டு வந்தபோது மேஜைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். மீட்டரின் இரண்டு முனையையும் கிளிப் போட்டுப் பேட்டரியில் மாட்டியிருந்தாள். நான் எதிரில், வழக்கமான இடத்தில் உட்கார்ந்தேன்.

"நாலு புள்ளி ஒண்ணு" என்று படித்தாள்.

பிறகு கையை நீட்டி விளக்கைப் போட்டாள். முனைகளை எடுக்கவில்லை. அப்படிச் செய்யலாம் என்று அவளுக்கு யார் சொன்னார்களோ. யாரும் சொல்லியிருக்கமாட்டார்கள். தானாகவே யோசித்திருப்பாள். கெட்டிக்காரி.

"மூணு புள்ளி எட்டு" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "மூணு புள்ளி ஆறு." குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. வெளியே யாரோ பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார்கள். அவள் படித்துக்கொண்டே போனாள். விளக்கு மஞ்சளாகி, சிவந்து, உள்ளே இருக்கிற கம்பி மட்டும் தணல் மாதிரி தெரிந்து, அதுவும் போயிற்று. அப்புறம்தான் தலை நிமிர்ந்தாள்.

"உனக்கு இது தெரியும் இல்ல, நைனா?"

அவள் விளக்கையும் மீட்டரையும் அக்காவின் பழைய புடவைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு இங்கே ஸ்டேஷனுக்கு வந்தாள். நான் தடுக்கவில்லை. அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

மார்க்கெட்டைப் பற்றி ஒன்று பாக்கி இருக்கிறது. கறி வாங்கிக்கொண்டு நான் நேராக வீட்டுக்கு வரவில்லை. பையில் கறிக்கு மேலே பிளாஸ்டிக் உறை போட்டு, நல்ல விளக்கு ஒன்றும் வைத்திருந்தேன். பாலகாட்டுக்கு நடந்தேன். அவன் விளக்கு அணைந்திருக்கும், இருட்டில் உட்கார்ந்து நன்றாகப் பயந்திருப்பான், நான் போய்க் கையைப் பிடித்துக் கூட்டிவருவேன், வரும்போது இந்துமேல் சத்தியம் வாங்கிக்கொள்வேன். அந்த எண்ணத்தோடுதான் போனேன். அதை நீங்கள் நம்பவேண்டும்.

அந்தப் பக்கம் ஆள் நடமாட்டமே இல்லை. சரிவு வழியில் பகல் வெளிச்சம் எட்டுகிற தூரம்வரை இறங்கி, ஒரு கல்மேல் உட்கார்ந்தேன். ஒரே ஒரு தடவை அவன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டேன்.

உடனே பதில் வந்தது. "மாமா? நீங்களா? இங்கதான் கீறேன். லைட்டு போயிடுச்சு. நீங்க அவசரப்படாதீங்க, நடுவுல ஒரு பள்ளம் கீது, பாத்து வாங்க."

நான் பையில் கையை விட்டேன். விளக்கு கையில் பட்டது. போட்டிருந்தால் அவனுக்கு வெளிச்சம் தெரிந்திருக்கும். போடவில்லை. ஏன் என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் கேட்டுப் பார்த்தேன். திங்கட்கிழமை காலையில் அவர்கள் இருவரும் ரயிலடியில் நிற்பது எனக்குக் கண்ணெதிரே தெரிந்தது. அவன் வேலையில் சேரப் போவான், இவள் வீடு பார்க்கப் போவாள். வீட்டு மேஜைமேல் மீட்டர் இருக்கும். எதிர் நாற்காலி காலியாக இருக்கும்.

"மாமா, இருக்கீங்களா?" என்றான். கொஞ்சம் பொறுத்து, "ஏன் பேச மாட்டேங்கறீங்க? ஒடம்புக்கு ஏதாவது ஆயிடுச்சா? இருங்க, நானே வரேன்" என்றான்.

அவன் எழுந்திருக்கிற சத்தம் கேட்டது. சுவரைத் தடவிக்கொண்டு வருகிற சத்தம் கேட்டது. நில் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தேன் என்றுதான் நினைக்கிறேன். கல் உருளுகிற சத்தம் வந்தது. அப்புறம் எதுவும் வரவில்லை. நான் கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தேன். கறி கெட்டுவிடும் என்று எழுந்து வந்துவிட்டேன்.

அவனைக் கொன்றது நான்தான், சார். விளக்கைக் கொடுத்தபோது இல்லை, அந்தக் கல்மேல் உட்கார்ந்திருந்தபோது. எங்கே கையெழுத்துப் போடவேண்டுமோ காட்டுங்கள்.

இந்து வெளியே உட்கார்ந்திருக்கிறாள் என்று தெரியும். என் முகத்தைப் பார்க்கமாட்டாள். நீங்கள் ஒன்று மட்டும் அவளிடம் எடுத்துச் சொல்லுங்கள். அவன் இருட்டில் பயந்து சாகவில்லை. என் குரலைக் கேட்டபின் அவனுக்குப் பயமே இல்லை, மாமா வந்துவிட்டார் என்ற தைரியத்தில்தான் எழுந்து நடந்தான். அதைக் கேட்டால் அவள் மனம் ஆறும்.